மூவாயிரம் மைலுக்கு ஒரு படகு: இரும்பா, அலுமினியமா, ஃபைபரா?

ஆக்லாந்தில் இருக்கும் ஒரு தம்பதி போன வருடம் எனக்கு மூன்று கொட்டேஷன்களை அனுப்பிவைத்தார்கள். மூன்றுமே 18 மீட்டர் நீளத்தில் ஒரு நெடுந்தூர மோட்டார் யாட் கட்டித் தருவதற்கு. ஒன்று ஃபைபர், ஒன்று அலுமினியம், ஒன்று இரும்பு. "அண்ணா, விலையை விட்டுவிடுங்கள், எது நல்ல படகு என்று மட்டும் சொல்லுங்கள்" என்று அவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே அவர் மனைவி ஒரு வரி சேர்த்திருந்தார்: "இவருக்குக் கீழே இறங்கினாலே குமட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு எஞ்சின் ரூமுக்குள் போகப்போவது நான்தான். அதையும் கணக்கில் வையுங்கள்."

கப்பல் எஞ்சின் ரூமில் பல வருடம் கழித்துவிட்டு, இப்போது படகுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். இதுவரை என்னிடம் யோசனை கேட்டவர்களில் பாதிப்பேர் சோபாவின் நிறத்தில்தான் ஆரம்பித்திருக்கிறார்கள். எஞ்சின் ரூமில் ஆரம்பித்தவர் இந்தம்மாதான். அதனால் இந்த ஒப்பீடு முழுவதையும் அவருக்கு எழுதுவதாகவே நினைத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்த வகைப் படகை ஆங்கிலம் பேசும் ஊர்களில் 'டிராலர்' என்கிறார்கள். நம் கடற்கரையில் டிராலர் என்றால் இழுவலை போடுகிற விசைப்படகு. மீன் எங்கே என்றுதான் கேட்பார்கள். இங்கே வலையும் கிடையாது, ஐஸ் பெட்டியும் கிடையாது. மீன்பிடிப் படகு மாதிரி அடிப்பாகம் ஆழமாக, நிறையச் சுமந்துகொண்டு, தண்ணீரைத் தள்ளியபடி மெதுவாகப் போகும் உடல் என்பதால் வந்த பெயர் அது. வேகப் படகு தண்ணீர்மேல் ஏறி வழுக்கிக்கொண்டு போகும். இது ஏறாது. மாட்டுவண்டி மாதிரி ஒரே சீராக, நாள் கணக்கில் போய்க்கொண்டே இருக்கும்.

இந்த வகைக்கு முன்னோடி என்று பலரும் காட்டுவது, ராபர்ட் பீபி என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி வரைந்து 1963-ல் சிங்கப்பூரில் தார்னிகிராஃப்ட் என்ற படகு கட்டும் யார்டில் கட்டி இறக்கிய 50 அடிப் படகை. 'பாசேஜ்மேக்கர்' என்று பெயர். இறக்கிய கையோடு அதிலேயே இந்தியப் பெருங்கடலைக் கடந்து, செங்கடல் வழியாகக் கிரேக்கம் வரை போய்விட்டார். அதன்பின் 2001-ல் கலிஃபோர்னியாவின் டானா பாயிண்டிலிருந்து கிளம்பிய நார்ட்ஹேவன் 40 என்ற சின்னப் படகு (12 மீட்டர்தான்) உலகத்தைச் சுற்றிவிட்டு 2002-ல் திரும்பியது. 2004-ல் 18 படகுகள் சேர்ந்து ஃபுளோரிடாவிலிருந்து பெர்முடா, அசோர்ஸ் வழியாக ஜிப்ரால்டருக்குப் போயின. ஆக, மோட்டாரை மட்டும் நம்பிப் பெருங்கடலைக் கடக்கலாமா என்ற கேள்வி முடிந்துபோன கேள்வி. எந்தப் படகில் என்பதுதான் பாக்கி.

டீசல் கணக்கு

மூன்று கொட்டேஷன்களையும் ஓரமாக வைத்துவிட்டு, "நீங்கள் போகப்போகும் பாதையில் நடுவே டீசல் கிடைக்காத மிக நீண்ட ஓட்டம் எது?" என்று கேட்டேன். ஆக்லாந்திலிருந்து ஃபிஜிக்கு 1,100 கடல் மைலுக்குக் கொஞ்சம் மேல். அதுவரைதான் என்றால் இவ்வளவு பெரிய படகே வேண்டாம். அவர்களுக்குப் பசிபிக் நடுவே இருக்கும் மார்க்கேசஸ் தீவுகளையும் தாண்டி கலாபகோஸ், பனாமா என்று போக ஆசை. மார்க்கேசஸுக்கும் கலாபகோஸுக்கும் இடையே சுமார் 3,000 கடல் மைல், நடுவில் ஒரு பெட்டிக்கடைகூடக் கிடையாது. சரி, 3,000 என்று வைத்துக்கொள்வோம்.

இந்த மாதிரி உடலுக்கு ஒரு வேக வரம்பு இருக்கிறது. தண்ணீரில் படும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் வருகிற நாட் கணக்குதான் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) ஏறக்குறைய எல்லை. 49 அடி என்றால் 9.4, 64 அடி என்றால் 10.7. அந்த எல்லையை நெருங்க நெருங்க, படகு தானே எழுப்பிய அலையின் மேட்டில் ஏற முயன்றுகொண்டு டீசலைக் கொட்டித் தீர்க்கும். அதற்குக் கீழேயே இருந்தாலும், எஞ்சினிடம் கேட்கும் சக்தி தோராயமாக வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப ஏறும். எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போனால் வேகம் கூடுவது எட்டில் ஒரு பங்கு, மணிக்கணக்கில் டீசல் கூடுவது நாற்பது சதவீதத்துக்கும் மேல்.

ஃபைபர் கொட்டேஷனில் 8 நாட் வேகத்தில் மணிக்கு 24 லிட்டர் என்று போட்டிருந்தார்கள். மைலுக்கு 3 லிட்டர். 3,000 மைலுக்கு 9,000 லிட்டர். கையிருப்பு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 10,800. அதே படகை 7 நாட்டில் ஓட்டினால் 6,900 லிட்டர் போதும். 9 நாட்டில் 11,400 வரும், அதுவும் கையிருப்பு இல்லாமல். நாள் கணக்கில் பார்த்தால் 7 நாட்டில் 18 நாள், 8-ல் பதினைந்தரை, 9-ல் 14. எட்டிலிருந்து ஒன்பதுக்கு ஏறி ஒன்றரை நாள் முன்னதாகப் போய்ச் சேர 2,400 லிட்டர் கூடுதலாக எரிக்க வேண்டும்.

10,800 லிட்டர் டீசலின் எடை சுமார் 9 டன் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கிளம்பும்போது இருக்கும் படகும் போய்ச் சேரும் படகும் ஒன்றல்ல. 7 டன்னுக்கு மேல் குறைந்து, மேலே எழும்பி நிற்கும். தொட்டிகளை அணியத்திலோ (முன்பக்கம்) அமரத்திலோ (பின்பக்கம்) ஒதுக்கி வைத்திருந்தால் நாளுக்கு நாள் படகு மூக்கைத் தூக்கும், அல்லது தலையைக் கவிழ்க்கும். வரைபடத்தில் நான் முதலில் தேடுவது தொட்டிகள் எங்கே என்பதைத்தான். அலுமினியப் படகில் அவை நடுவில், அடியில், ஏராவை (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) ஒட்டி இருந்தன. அந்தப் படகு 8 நாட்டில் மணிக்கு 14 லிட்டர் என்றிருந்தது. 3,000 மைலுக்கு 5,250. இவ்வளவு வித்தியாசம் எப்படி வந்தது? எடையில். ஒல்லியும் நீளமுமாக, ஃபைபர் படகின் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிக எடை.

மூன்று உடல்கள்

ஃபைபரின் பலம் அச்சு. ஒருமுறை அச்சு செய்துவிட்டால் ஒரே மாதிரி உடல் எத்தனை வேண்டுமானாலும் வார்க்கலாம். முதல் பத்துப் படகில் தெரிந்த குறைகள் பதினோராவதில் இருக்காது. நார்ட்ஹேவன் நிறுவனம் இந்த வழியில்தான் வளர்ந்தது. 1989-ல் 46 அடியில் தொடங்கி, கலிஃபோர்னியாவில் வரைந்து, தைவானிலும் சீனாவின் சியாமெனிலும் கட்டினார்கள். வேலை சுத்தம், உள்ளே வீடு மாதிரி இடம், விற்கப் போனால் வாங்க ஆள் இருக்கும். ஐந்து வருடத்தில் விற்றுவிடுவோம் என்று மனசின் ஓரத்தில் ஒரு நினைப்பு இருப்பவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதே இல்லை, ஃபைபர் வாங்கிவிடலாம்.

ஆனால் 'கஸ்டம்' என்ற சொல்லுக்கு இங்கே அர்த்தம் குறைவு. அச்சு ஒன்றுதான். அலமாரியை மாற்றலாம், அறையைக் கொஞ்சம் நகர்த்தலாம், உடலை நீட்டவோ ஒடுக்கவோ முடியாது. அச்சே இல்லாமல் நுரைப் பலகைமேல் ஃபைபர் ஒட்டி ஒற்றைப் படகு கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் வெளிப்பரப்பைத் தேய்த்து வழவழப்பாக்கும் கூலியிலேயே பாதிப் பணம் கரையும். நல்ல கையாக அமையாவிட்டால் வெயிலில் பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது அலை அலையாகத் தெரியும்.

இரும்பு (சரியாகச் சொன்னால் எஃகு) ஏழைக்கும் பிடிவாதக்காரருக்கும் நண்பன். பாறையில் மோதினால் நசுங்கும், லேசில் கிழியாது. எந்தத் தீவில் கரை ஒதுங்கினாலும் வெல்டிங் தெரிந்த ஒருவர் கிடைப்பார். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக்காரரான ஜார்ஜ் பியூலர் என்ற வடிவமைப்பாளர் 'டீசல் டக்' என்று ஒரு வரிசை வரைந்தார். மீன்பிடிப் படகு மாதிரி எளிமை, அலங்காரம் கிடையாது, எஞ்சின் நின்றால் சமாளிக்கப் பாய்மரம். சீனாவின் சூஹாயில் சீஹார்ஸ் என்ற யார்டு அவற்றை இரும்பில் கட்டியது. அந்தப் படகுகளைப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் படகு கட்டும் ஓடாவிகளே தலையாட்டுவார்கள். வேலைக்குத் தேவையில்லாத ஒரு கோடுகூட அதில் கிடையாது.

இரும்பின் துரு வெளியிலிருந்து வரும் என்று நினைத்துக்கொண்டு வெளியே பெயின்ட் அடிப்பார்கள். அது பெரும்பாலும் உள்ளிருந்துதான் வரும். சில வருடம் முன்பு ஒரு துறைமுகத்தில் விற்பனைக்கு நின்ற இரும்புப் படகைச் சோதிக்கப் போனேன். வெளியே கண்ணாடி மாதிரி வெள்ளை பெயின்ட். குளியலறைத் தட்டுக்கு அடியில் கையை விட்டால் ஈரம். டார்ச் அடித்துப் பார்த்தேன், செதில் செதிலாகச் சிவப்பு. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். 'டங்', 'டங்', 'டங்' என்று வந்த சத்தம் ஓரிடத்தில் 'தப்' என்றது. இன்னொரு தட்டில் சுத்தியலின் கூர்முனை உள்ளே இறங்கிவிட்டது. சோப்புத் தண்ணீர் வழியும் ஒரு மூலையில், கை நுழையாத இடத்தில், கட்டும்போது பெயின்ட் போடாமல் விட்டிருக்கிறார்கள். உரிமையாளர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. இரும்பு வாங்குகிறவர்கள் தகட்டின் கனத்தைக் கேட்பார்கள். எல்லா மூலைக்கும் கை நுழைகிறதா, மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்த அன்றைக்கே எபாக்சி பூசினார்களா என்று கேட்பது அதைவிட முக்கியம்.

இன்னொன்று, எடை. இரும்பு ஒரு கன மீட்டர் 7.85 டன், அலுமினியம் 2.7 டன். அலுமினியத் தகட்டை ஒன்றரை மடங்கு கனமாகப் போட்டாலும் பாதி எடைதான் வரும். அந்தக் கூடுதல் இரும்பு அடியில் இருந்தால் நல்லது, மாடியில் இருந்தால் ஆபத்து. அதனால் நல்ல யார்டுகள் உடலை இரும்பிலும் மேல் கட்டுமானத்தைக் கூடிய மட்டும் அலுமினியத்திலும் செய்வார்கள். இரண்டையும் நேரடியாக வெல்டிங் செய்ய முடியாது. இரு உலோகத்தையும் வெடிவிசையால் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரு பட்டை இருக்கிறது. அதன் இரும்புப் பக்கத்தை இரும்போடும் அலுமினியப் பக்கத்தை அலுமினியத்தோடும் சேர்ப்பார்கள்.

அலுமினியத்தில் இந்த வகைக்கு ஒரு தனி முகம் கொடுத்தவர்கள் ஸ்டீவ் டாஷ்யூ, லிண்டா டாஷ்யூ தம்பதி. பல வருடம் பாய்மரப் படகு வரைந்தவர்கள், அந்த ஒல்லியான உடலையே மோட்டாருக்குக் கொண்டுவந்தார்கள். 83 அடி நீளம், 17 அடி அகலம் கொண்ட 'விண்ட் ஹார்ஸ்' 2005-ல் நியூசிலாந்தில் தண்ணீரில் இறங்கியது. பிறகு அதே பாணியில் 64 அடிப் படகுகளை வாங்கரேயில் சர்க்கா மரைன் யார்டு வரிசையாகக் கட்டியது. பெயின்ட் கிடையாது, வெறும் சாம்பல் உலோகம். மரீனாவில் (யாட்டுகளை நிறுத்தும் துறை) நின்றால் கடற்படைப் படகு வழி தவறி வந்துவிட்டது போல இருக்கும். அந்தத் தம்பதி ஓய்வெடுத்துவிட்டார்கள். ஆர்ட்நாட்டிகா போன்ற வேறு வடிவமைப்பாளர்கள் நியூசிலாந்திலும் நெதர்லாந்திலும் ஒல்லி அலுமினியப் படகுகளைத் தொடர்கிறார்கள்.

கடலுக்கென்றே உள்ள 5083 மாதிரியான அலுமினியக் கலவை, பெயின்ட் இல்லாமலே உப்புத் தண்ணீரைத் தாங்கும். அதன் எதிரி தாமிரம். எலெக்ட்ரீஷியன் ஒயரைச் சீவும்போது விழுந்த தாமிரத் துணுக்கு ஒன்று படகின் அடியில் தேங்கும் பில்ஜ் தண்ணீரில் கிடந்தால் போதும், அந்த இடத்தில் மெல்லக் குழி விழும். தாமிரம் கலந்த அடிப் பெயின்ட் அடிக்கவே கூடாது. மரீனாவில் கரை மின்சாரத்தை ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (கரை ஒயரையும் படகு ஒயரையும் நேரடியாகத் தொடவிடாத கருவி) வழியாகத்தான் எடுக்க வேண்டும். பக்கத்துப் படகின் ஒயரிங் கோளாறு நம் படகின் உடலைத் தின்றுவிடக் கூடாது. அப்புறம், ஆர்கான் வைத்து அலுமினியம் வெல்டிங் செய்கிறவர் எல்லாத் தீவிலும் கிடைக்க மாட்டார்.

ஒல்லி உடலுக்கு இன்னொரு விலை உண்டு: இடம். அதே 18 மீட்டர் ஃபைபர் படகில் மூன்று படுக்கையறை, மேலே ஒரு தளம், கூடத்தில் எட்டுப் பேர் உட்காரச் சோபா. அலுமினியத்தில் ஒன்றரைப் படுக்கையறை என்றுதான் சொல்ல வேண்டும். பேரப்பிள்ளைகள் கூட்டமாக வந்தால் இரண்டு பேரைக் கூடத்தில் படுக்க வைக்க வேண்டியதுதான். இந்தத் தம்பதி ஓட்டப்போவது இரண்டே பேர். உயரம் குறைவாக இருந்தால் காற்று பிடிக்காது, படகுத்துறையில் இரண்டு பேராலேயே கட்டி நிறுத்த முடியும். என் ஓட்டு அலுமினியத்துக்கு. உறவுக்கூட்டத்தோடு போகிறவர்களாக இருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

எஞ்சின் ஒன்றா, இரண்டா

"ஒரே எஞ்சின் நின்றுபோனால்?" என்றார் கணவர். எல்லோரும் கேட்பதுதான். நான் திருப்பிக் கேட்டேன்: எஞ்சின் எதனால் நிற்கிறது? நான் பார்த்தவரை டீசல் எஞ்சின் உடைந்து நின்றதைவிட, அழுக்கு டீசல் குடித்து நின்றதுதான் அதிகம். இரண்டு எஞ்சினும் ஒரே தொட்டியிலிருந்துதானே குடிக்கின்றன? ஒன்று மூச்சுத் திணறி நின்ற அரை மணியில் இன்னொன்றும் நிற்கும்.

அந்த நேரத்தில் என்ன நடக்கும் என்று அந்தம்மாவுக்கு விவரமாகவே எழுதினேன். கடல் கலங்கும்போது தொட்டியின் அடியில் மாதக்கணக்கில் தங்கியிருந்த சகதியும் கலங்கி மேலே வரும். டீசலுக்கும் அடியில் தேங்கிய தண்ணீருக்கும் நடுவே வளரும் பூஞ்சை, பாக்டீரியாக் கூட்டம் அது. வடிப்பானின் கண்ணாடிக் கிண்ணத்தில் பார்த்தால் திரிந்த மோர் போல, ஆனால் காப்பி நிறத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். வடிப்பான் அடைபடுவதைக் காட்டும் வெற்றிட அளவுமானியின் முள் ஏறும், எஞ்சின் சத்தம் லேசாகத் தடுமாறும். ஒற்றை வடிப்பான் என்றால் எஞ்சினை நிறுத்தி, மூடியைத் திறந்து, டீசல் வழுக்கும் கையோடு புது வடிப்பானைப் போட்டு, காற்றை வெளியேற்றி, மறுபடி கிளப்ப வேண்டும். அதுவரை படகு அலைக்குக் குறுக்கே திரும்பிக்கொண்டு உருளும். இரட்டை வடிப்பானும் நடுவே ஒரு திருகு வால்வும் இருந்தால் கைப்பிடியைப் பக்கம் மாற்றினால் போதும், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். அழுக்கானதை அப்புறம் நிதானமாக மாற்றலாம். கூடவே ஒரு தினத் தொட்டி வேண்டும்: பெரிய தொட்டியிலிருந்து வடிகட்டிய டீசலை அன்றாடம் அதில் ஏற்றி, எஞ்சின் அதிலிருந்து மட்டும் குடிக்கட்டும். இதற்கெல்லாம் ஆகும் செலவு இரண்டாவது எஞ்சினின் விலையில் ஒரு ஓரம்.

ஒற்றை எஞ்சினுக்கு வேறு நன்மைகளும் உண்டு. ப்ரொப்பல்லர் ஏராவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். மிதக்கும் கட்டையோ வலையோ முதலில் ஏராவில்தான் படும். இரட்டை என்றால் இரண்டும் பக்கவாட்டில் வெளியே தெரிய நிற்கும். நெருக்கமான துறைமுகத்தில் திருப்ப இரட்டை சுகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒற்றை எஞ்சினோடு அணியத்தில் பக்கவாட்டு உந்தி ஒன்று இருந்தால் அதையும் சமாளிக்கலாம். வலை சுற்றினாலோ கியர்பாக்ஸ் போனாலோ 4 நாட்டில் ஊர் சேர்க்கத் தனித் தண்டோடு ஒரு குட்டி எஞ்சின் வேண்டும். அதற்குத் தனியாக ஒரு சின்னத் தொட்டி கொடுங்கள் என்று சொன்னேன். அதே அழுக்கு டீசலைக் குடிக்கிற மாற்று எஞ்சினால் என்ன பயன்?

பெரிய எஞ்சின் ஆசையும் வேண்டாம். நாள் முழுக்க 45 குதிரைசக்தி கேட்கும் படகில் 400 குதிரையை வைத்து ஓட்டினால், சூடேறாமல் புகைந்து புகைந்து சிலிண்டரில் கரி ஏறும். தொடர்ந்து இரவு பகலாக ஓட்டுவதற்கென்று மதிப்பிட்ட, மெதுவாகச் சுற்றும் எஞ்சின்தான் இதற்குச் சரி. (மான்செஸ்டரில் செய்த பழைய கார்ட்னர் எஞ்சினைத் தேடிப் பிடித்துப் புதுப்பித்துப் போட்டுக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும். ஆனால் உதிரிப்பாகத்துக்கு அலையத் தெம்பு வேண்டும்.)

அந்தம்மாவின் கேள்விக்கு நேரடியான பதில் எஞ்சின் ரூமின் உயரத்திலும் அகலத்திலும் இருந்தது. இரும்புப் படகின் வரைபடத்தில் நிமிர்ந்து நடக்கலாம், எஞ்சினின் இரண்டு பக்கமும் உட்கார இடம். ஃபைபர் படகில் இரட்டை எஞ்சின் போட்டால் வெளிப்பக்கத்து வடிப்பானுக்கு வயிற்றால் ஊர்ந்துதான் போக வேண்டும். அலுமினியத்தில் குனிந்துதான் நிற்க முடியும், ஆனால் எல்லாமே கைக்கெட்டும் தூரம். "குனிவது பரவாயில்லை, ஊர்வதுதான் ஆகாது" என்று பதில் வந்தது. ஃபைபர் கொட்டேஷன் அன்றைக்குப் பட்டியலிலிருந்து போய்விட்டது.

உருளாமல் இருக்க

சரியாகக் கட்டிய இந்த வகை உடல் லேசில் கவிழாது, ஆனால் உருளும். தடுக்க மூன்று வழி. இரண்டு பக்கமும் கம்பம் நீட்டி, அதிலிருந்து தண்ணீருக்குள் உலோக 'மீன்'களைத் தொங்கவிடுவது மீனவர்கள் கண்ட வழி. மின்சாரம் வேண்டாம், விலை குறைவு, நங்கூரம் போட்டு நிற்கும்போதும் வேலை செய்யும். ஆனால் அரை நாட் வேகமாவது குறையும், ஏற்றி இறக்க இரண்டு பேர் வேண்டும். இரண்டாவது, உடலின் பக்கவாட்டில் துடுப்பு போன்ற ஃபின்கள். ஹைட்ராலிக் அல்லது மின்சாரத்தில் தானாகத் திரும்பும். ஓடும்போது இதுபோல் சுகம் வேறில்லை. கசிந்தால் யார் பார்ப்பது என்பது தனிக் கதை. மூன்றாவது, கைரோ. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும் கனத்த சக்கரம். 18 நாள் ஓட்டத்தில் அதற்காகவே ஜெனரேட்டரை விடாமல் ஓட்ட வேண்டியிருக்கும் என்பதால் நெடுந்தூரத்துக்கு என் பட்டியலில் அது கடைசி.

யார்டும் பணமும்

இரண்டு மூன்று மில்லியன் டாலருக்குக் குறையாத விஷயம் இது. பாதி கட்டிய நிலையில் யார்டு திவாலானால் அந்தப் பாதிப் படகு யாருடையது? ஒப்பந்தத்தில் ஒவ்வொரு தவணைக்கும் எதிரே ஒரு வேலை முடிந்திருக்க வேண்டும், கட்டிய மட்டும் சொத்து உங்கள் பேரில் வர வேண்டும், முன்பணத்துக்கு வங்கி உத்தரவாதம் வேண்டும். இதில் தள்ளுபடி கேட்காதீர்கள், விலையில் கேளுங்கள்.

சீனாவின் சூஹாயோ துருக்கியின் அன்டால்யாவோ மலிவுதான். ஆனால் மாதம் ஒருமுறை யார் போய்ப் பார்ப்பது? எனக்கே ஒரு கசப்பு உண்டு. தூரத்து யார்டு ஒன்றில் டீசல் தொட்டியைக் காற்றழுத்தம் கொடுத்துச் சோதித்துவிட்டதாகத் தாள் அனுப்பினார்கள், நானும் நம்பிக் கையெழுத்துப் போட்டேன். மேலே தரை, தரைமேல் தேக்கு எல்லாம் வந்தபிறகு ஒரு வெல்டிங் தையலில் டீசல் கசிந்தது. தேக்கைப் பெயர்த்து எடுத்த அன்றைக்கு அந்த உரிமையாளர் என்னோடு பேசவில்லை, நியாயம்தான். அதிலிருந்து தொட்டிச் சோதனைக்கு நேரில் போகாமல் கையெழுத்து இல்லை. ஆக்லாந்திலிருந்து அலுமினியப் படகு கட்டும் வாங்கரேக்குக் காரில் இரண்டரை மணி நேரம் என்பது கொட்டேஷனில் இல்லாத லாபம்.

ஐரோப்பிய விதியில் 'ஏ' பிரிவுச் சான்று கேட்டிருந்தார்கள். பியூஃபர்ட் என்ற காற்று அளவுகோலில் 8-க்கு மேல் காற்றையும், 4 மீட்டருக்கு மேல் அலையையும் தாங்க வேண்டும் என்பது அதன் கணக்கு. 24 மீட்டரைத் தாண்டினால் பெரிய யாட்டுகளுக்கான வேறு விதிகள் தொடங்கிவிடும். 18-ல் அந்தத் தலைவலி இல்லை.

தண்ணீரில் இறக்கும் நாள்

கட்டுவதை இரண்டு வருடம் பேசுவார்கள், இறக்குவதை ஷாம்பெயின் பாட்டிலோடு முடித்துவிடுவார்கள். 2014 மே மாதம் வாஷிங்டன் மாநிலத்தின் அனகார்ட்டஸில் 'பாடன்' என்ற புத்தம்புதிய நெடுந்தூர யாட், சுமார் 27 மீட்டர், சாய்தளத்தில் இறங்கித் தண்ணீரில் மிதக்கத் தொடங்கியதுமே ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிராமல் படுத்துவிட்டது. உள்ளே இருந்தவர்களை வெளியே எடுத்தார்கள். இறக்கிய வண்டியில் கோளாறோ என்று முதலில் பேச்சு வந்தது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தபோது, படகுக்குப் போதிய நிலைத்தன்மையே இல்லை என்று தெரிந்தது. நான் முன்பே சொன்ன எடைக் கணக்குதான். ஒவ்வொரு மாடியிலும் கொஞ்சம் மார்பிள், கொஞ்சம் தேக்கு, ஒரு பெரிய டிவி என்று மேலே ஏறிக்கொண்டே போனால் ஈர்ப்பு மையமும் கூடவே ஏறும். கண்ணுக்குத் தெரியாது.

இறக்கும் முறைகளில், பட்டையில் தொங்கவிட்டு இறக்கும் டிராவல்லிஃப்ட் எனக்குப் பிடித்தது. சாய்தளத்திலோ, நெதர்லாந்தின் குறுகிய கால்வாய்களில் செய்வது போலப் பக்கவாட்டிலோ தள்ளிவிட்டால் பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான், ஆனால் திரும்பி வர வழியில்லை. டிராவல்லிஃப்டில் முதலில் எடை தெரியும். தூக்கும்போதே அளவுமானி காட்டிவிடும். வடிவமைப்பாளர் 28 டன் என்று எழுதிய படகு 33 என்று காட்டினால் பாட்டிலை உள்ளே வைத்துவிட்டுக் கணக்கை எடுக்க வேண்டும். பிறகு பாதி மிதக்கவிட்டு, பட்டை தளராமலே நிறுத்தி, உள்ளே போய் ஒவ்வொரு கடல் வால்வையும், தண்டு வெளியேறும் சீலையும், சுக்கான் குழாயையும் டார்ச் அடித்துப் பார்க்கலாம். திசுத்தாளால் துடைத்துப் பார்ப்பது என் பழக்கம், ஒரு சொட்டு இருந்தாலும் தாள் காட்டிக்கொடுக்கும். கசிந்தால் மறுபடி தூக்கிவிடலாம்.

மிதந்தபின் சாய்வுச் சோதனை. தளத்தின் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்குத் தெரிந்த எடையை நகர்த்தி, நீளக் கயிற்றில் தொங்கும் குண்டு எத்தனை மில்லிமீட்டர் விலகுகிறது என்று அளப்பார்கள். காற்றில்லாத காலை நேரமாக இருக்க வேண்டும், படகில் யாரும் நடமாடக் கூடாது. பார்க்க விளையாட்டு போல இருக்கும். ஈர்ப்பு மையம் எங்கே என்று நிஜமாகச் சொல்லும் ஒரே சோதனை இதுதான். கிளம்பும்போது, தொட்டி பாதியாக இருக்கும்போது, காலியாகப் போய்ச் சேரும்போது என்று மூன்று நிலைக்கும் கணக்குப் போட்டுக் கேளுங்கள் என்றேன். காலி நிலைதான் பெரும்பாலும் மோசமானது.

அலுமினிய ஒப்பந்தத்தில் இரண்டு வாரத்துக்கு முன் கையெழுத்தாகிவிட்டது. ஒற்றை எஞ்சின், தனித் தொட்டியோடு ஒரு குட்டி எஞ்சின், இரட்டை வடிப்பான். சாய்வுச் சோதனை முடிந்து கணக்கு கைக்கு வந்தபிறகே கடைசித் தவணைக்கு முந்தைய தவணை. உருளாமல் இருக்கக் கம்பமும் மீனுமா, ஃபின்னா என்பதில் மட்டும் இருவருக்கும் ஒத்துவரவில்லை. அவருக்கு ஃபின் வேண்டுமாம். ஹைட்ராலிக் எண்ணெய் கசிந்தால் துடைக்கப்போவது யார் என்று அந்தம்மா கேட்டிருக்கிறார். கம்பத்துக்கான விலை அடுத்த வாரம் வருகிறது.